உளறுவாயன் ஓடமாட்டான்

உளறுவாயனுக்கு எதுவுமே சரியாகத் தெரியாது. அதுதான் அவனுடைய உத்தியோகம். பல் தேய்ப்பது பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் போதும் என்பான். மூன்றுக்கு அப்புறம் ஐந்து என்பான். நிலா பகலெல்லாம் தன் வீட்டு அலமாரியில் குறட்டை விட்டுத் தூங்குகிறது என்பான். அவன் ஒன்றைச் சொல்லி வாயை மூடுவதற்குள் எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் "இல்ல, இல்ல" என்று கூரை பிய்ந்துபோகும்படி கத்துவார்கள். "அப்போ எப்படி?" என்று அவன் அப்பாவியாகக் கேட்பான். அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள், பாடியும் காட்டுவார்கள். அவனும் தலையில் தட்டிக்கொண்டு திருப்பிச் சொல்வான். சரியாகச் சொல்லிவிட்டால் கைதட்டல். பாடம் அவ்வளவுதான். பதினோரு வருடமாக, நாற்பத்து மூன்று பள்ளிக்கூடங்களில், இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பஞ்சடைத்த தலை, கோட்டுப் பொத்தானில் இரண்டு கண், பழைய செருப்பின் அடியை வெட்டி மடக்கித் தைத்த வாய். இவ்வளவுதான் உளறுவாயன். அவனுக்குள் இருக்கும் கை பொம்மைக்காரியுடையது. கருப்புத் துணித் திரைக்குப் பின்னால், சக்கரம் வைத்த குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி முக்கால் மணி நேரம் இருப்பாள். இறக்கும்போது அந்தக் கை அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. பக்கத்தில் சின்ன கீபோர்டோடு அவள் நாத்தனார், கணவனுக்கு மூத்தவள். பாட்டுக் கட்டுவதும் வேன் ஓட்டுவதும் நாத்தனார் வேலை. தம்பி பெண்டாட்டியைக் குறை சொல்வதையும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சமையலறையில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். திரைக்குப் பின்னால் வந்துவிட்டால் ஒரு கண்ணசைவு போதும்.

எத்தனையோ பாடங்களில் பொம்மைக்காரி உயிராக நினைத்தது நெருப்புப் பாடத்தைத்தான். அதற்குக் காரணம் உண்டு. நாலைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வேன் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தையின் முழங்கையில் மட்டும் சின்னக் கட்டு. அடுப்புப் பக்கம் போனபோது பாவாடையில் தீப்பிடித்துவிட்டதாம். குழந்தை ஓடவில்லை. நின்ற இடத்திலேயே படுத்து, முகத்தை மூடிக்கொண்டு, உளறுவாயன் பாட்டைப் பாடியபடியே உருண்டாளாம். "நெருப்பு அணைஞ்சும் நிறுத்தலைங்க. உருண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில போயிட்டா" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பொம்மைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து வேறு எந்தப் பாடம் விட்டுப்போனாலும் அது மட்டும் விட்டுப்போனதில்லை.

இந்த நிலையில்தான் பள்ளிக் கலை நிகழ்ச்சிகளுக்குப் புதிய மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கதவைத் திறப்பதற்கு முன்னால் திறக்கலாமா என்று எழுதிக் கேட்கிற ரகம். ஒரு நிகழ்ச்சியைக் கடைசி வரிசையில் நின்று பார்த்தார். பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். மறுநாள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒருத்தர் ஒண்ணு சொன்னா பிள்ளைங்க பதிலுக்கு இல்ல இல்லன்னு கத்துதுங்க. இதுக்குப் பேர் பாடமா?"

"அது பொம்மைதானே சார்" என்றாள் பொம்மைக்காரி.

"இன்னிக்குப் பொம்மைய எதுத்துப் பேசும். நாளைக்கு வாத்தியார எதுத்துப் பேசும்."

"வாத்தியார் தப்பாச் சொன்னாத்தானே சார்" என்று நாத்தனார் வாயை விட்டாள். பொம்மைக்காரி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

வசனம் முழுவதையும் எழுதித் தரவேண்டும் என்பது உத்தரவு. பதினோரு வருடமாக எழுதி வைக்காத வசனத்தை நாத்தனார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வாரம் எழுதினாள். ஒவ்வொரு தாளிலும் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் உளறுவாயன் பேசுவது, வலது பக்கம் பிள்ளைகள் பேசுவது, பாடுவது. கணக்குப் பாடம் எழுதுகிற மாதிரி அழகாகத்தான் எழுதியிருந்தாள். அதற்காகத் தன்னைத்தானே இரண்டு மூன்று தடவை பாராட்டியும் கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. எல்லாத் தாளிலும் வலது பக்கம் முழுவதும் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. இடது பக்கம் மட்டும் பிழைத்திருந்தது. அதன் கீழே ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. கூடவே ஒரு கடிதம். "பிள்ளைகள் அலுவலகப் பணியாளர்கள் அல்லர். அவர்கள் பேசும் வசனங்களுக்கு எவரும் பொறுப்பேற்க இயலாது என்பதால் அவை நீக்கப்படுகின்றன. எஞ்சிய பகுதி சரிபார்க்கப்பட்டு அனுமதிக்கப்படுகிறது. ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது. நிகழ்ச்சி முடியும்வரை பிள்ளைகள் வாயில் விரல் வைத்து அமைதி காக்க வேண்டும்." மேற்பார்வையாளரே வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். திருப்தி என்றால் வருடம் முழுவதற்குமான ஆணையில் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பொம்மைக்குப் பதிலாக ஒரு படத்தை ஓட்டிவிட்டுப் போவார்கள்.

நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தப்பையெல்லாம் பத்திரமா வெச்சுக்கிட்டு சரியையெல்லாம் அடிச்சிருக்காரு பாரு. இப்படி ஒரு மூளை யாருக்கு வரும்?" என்று நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். பொம்மைக்காரியும் சேர்ந்துதான் சிரித்தாள், ஒன்பதாம் பக்கம் வரும்வரை.

ஒன்பதாம் பக்கத்தில் உளறுவாயன் சொல்வான்: "என் சட்டையில தீப்பிடிச்சா நான் ஓடுவேன். வேகமா ஓடுவேன். வெளிய காத்தாட ஓடுவேன்." அதற்கு எதிரே இருந்த பாட்டின் மேல் சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன. கீழே முத்திரை.

மறுநாள் அவள் தனியாக அலுவலகத்துக்குப் போனாள். தாளை மேசைமேல் வைத்தாள். "சார், இந்த ஒன்பதாம் பக்கத்த மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

அவர் தாளைத் தொடவில்லை. "மூணு நாள் உட்கார்ந்து வரிவரியாப் பார்த்துத்தான் முத்திரை வெச்சேன். அதுல தப்பு இருக்குன்னு சொல்ல வர்றீங்களா?"

"ஆமா சார்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா திருத்தம் வேணும்னு எழுதிக் குடுங்க. ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்க வேன் வீட்டு வாசல்லயே நிக்கட்டும்."

"படிச்சா ஒரு நிமிஷந்தான் சார்."

"இங்க வர்ற எல்லாரும் ஒரு நிமிஷந்தாம்மா கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை இழுத்துக்கொண்டார். அவள் படி இறங்கினாள். நாலு வரி. அதைப் படிக்க ஒரு மனிதனுக்கு என்ன கேடு என்று வீடு வந்து சேரும்வரை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தாள்.

நாத்தனார் சமாதானத்துக்கு வந்தாள். "சொல்லித் தொலைச்சிடலாம். உளறுவாயன் சொன்னா அது தப்புன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாதா என்ன?"

"பழைய பிள்ளைங்களுக்குத் தெரியும்க்கா. இந்த வருஷம் புதுசா சேர்ந்ததுங்களுக்கு?"

"நாப்பத்தி மூணு பள்ளிக்கூடம். மறந்துடாத."

"மறக்கல."

"இந்த வருஷம் போச்சுன்னா அடுத்த வருஷம் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாங்க."

"அதுவும் தெரியும்."

நாத்தனார் எழுந்துபோய் வேன் சாவியை ஆணியில் மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடக் கூடத்தில் மேசைகளை ஒரு ஓரமாக அடுக்கிவிட்டுத் திரையைக் கட்டினார்கள். ஐம்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாயில் விரலை வைத்திருந்தார்கள். தலைமையாசிரியை பாவம், காலையிலிருந்து நடந்து நடந்து, விரலை எடுத்த பிள்ளைகளுக்கெல்லாம் திரும்ப வைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்த மேற்பார்வையாளர் மடியில் தன் பிரதியை விரித்து, பேனா மூடியைத் திறந்தார். உளறுவாயன் வணக்கம் சொன்னான். அவர் ஒரு டிக் போட்டார்.

திரையில் சல்லடைத் துணி தைத்த ஒரு துண்டு உண்டு. அது வழியாகப் பொம்மைக்காரிக்குப் பிள்ளைகள் தெரிவார்கள், பிள்ளைகளுக்கு அவள் தெரியமாட்டாள். உளறுவாயன் பல் தேய்க்கும் கதையைச் சொன்னபோது ஐம்பது ஜோடித் தோள்கள் குலுங்கின. விரலைத் தாண்டி "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் பீறிட்டது. மேற்பார்வையாளர் திரும்பி "உஷ்" என்றார். மூன்றுக்கு அப்புறம் ஐந்து என்றபோது பின்வரிசையில் ஒரு தடியன் "நா..." என்று ஆரம்பித்தான். தலைமையாசிரியை அவனைப் பார்த்தாள். அவன் நாலை அப்படியே விழுங்கிவிட்டான். ஐந்தாம் பக்கத்துக்கு வரும்போது சத்தமே இல்லை. பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியில் டிக் மேல் டிக் விழுந்துகொண்டிருந்தது.

முதல் வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பொடிசு இருந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், சீருடையில் கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. "கை கழுவத் தண்ணி எதுக்கு? சட்டையில துடைச்சாப் போதும்" என்றான் உளறுவாயன். அந்தப் பொடிசு, விரலை வாயிலிருந்து எடுக்காமலே, சரி என்று தலையை ஆட்டினாள். இன்னொரு கையைப் பாவாடையில் துடைத்தும் பார்த்துக்கொண்டாள்.

பதினோரு வருடத்தில் உளறுவாயன் சொன்னதற்கு ஒரு குழந்தைகூடத் தலையாட்டியதில்லை.

ஒன்பதாம் பக்கம் வந்தது. நாத்தனார் நெருப்புப் பாட்டின் தொடக்கத்தை வாசித்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். இவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. நாத்தனார் ஒரு பெருமூச்சு விட்டுக் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அந்த நொடியில்தான் பொம்மைக்காரி முடிவெடுத்தாள் என்று சொன்னால் அது பொய். அந்தப் பக்கத்தைப் படித்த அன்றே எடுத்த முடிவு அது. எப்படி என்பதுதான் இதுவரை பிடிபடாமல் இருந்தது.

உளறுவாயன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். மேற்பார்வையாளர் இருமினார். "ஒன்பதாம் பக்கம்" என்று எடுத்துக் கொடுத்தார். உளறுவாயன் அவரைத் திரும்பிப் பார்த்தான். குச்சி கட்டிய சின்னக் கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஏம்மா, மறந்துபோச்சா?"

"மறக்கல சார்" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. பிள்ளைகள் அதுவரை கேட்டிராத குரல். "இத நான் சொல்லமாட்டேன்."

"ஒரு சொல்லும் குறைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன் சார். சரின்னு முத்திரை வெச்சது நீங்க. நீங்களே பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க."

ஐம்பது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் தலைமையாசிரியையும் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. எழுந்தார். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தார். சுற்றறிக்கை வாசித்து வாசித்துப் பழகியவர், வாய் வாசிப்பதைக் காது கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கணீரென்று வாசித்தார்.

"என் சட்டையில தீப்பிடிச்சா நான் ஓடுவேன். வேகமா ஓடுவேன். வெளிய காத்தாட ஓடுவேன்."

பின்வரிசையிலிருந்து, நாலை விழுங்கியவன், "இல்ல" என்றான்.

அவ்வளவுதான். ஐம்பது விரல்களும் வாயை விட்டுப் போயின. இல்ல, இல்ல, ஓடக்கூடாது என்று சுவர் அதிர்ந்தது. நாத்தனார் யாருடைய கண்ணசைவுக்கும் காத்திருக்கவில்லை. கீபோர்டில் இரண்டு கையையும் போட்டாள்.

"ஓடாதே ஓடாதே, காத்து ஊதிடும்
நில்லு, படு, முகத்த மூடு
உருளு உருளு, நெருப்பு ஓடிடும்"

பாட்டோடு சேர்ந்து பிள்ளைகள் தரையில் படுத்தார்கள், முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டார்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதி, மேசைக் கால்களில் இடித்து, சிரித்துக்கொண்டு உருண்டார்கள். இரட்டைச் சடை மட்டும் உட்கார்ந்தபடி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அவளும் படுத்து உருண்டாள். மேற்பார்வையாளரின் செருப்பில் முட்டித்தான் நின்றாள்.

நடுவில் நின்ற அவர் தாளைக் குனிந்து பார்த்தார். இந்தத் தடவை படித்தார். சல்லடைத் துணி வழியாகப் பொம்மைக்காரி அந்த முகத்தைப் பார்த்தாள். ஈயாடவில்லை. அவளுக்குப் பாவமாக இருக்கவில்லை. இன்னும் நன்றாகப் படியுங்கள் என்றுதான் இருந்தது.

பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். தப்பாகச் சொன்னவன் திருப்பிச் சரியாகச் சொல்லவேண்டும், அதுதான் அவர்களுக்குத் தெரிந்த முறை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சொல்லுங்க, பரவால்ல" என்று ஒரு சிறுமி தைரியம் கொடுத்தாள்.

"உஷ்" என்றார் அவர். "எல்லாரும் விரலை வைங்க." அங்கொன்றும் இங்கொன்றுமாக விரல்கள் ஏறின. திரையைப் பார்த்துத் திரும்பினார். "ஆணையில நான் கையெழுத்துப் போடப்போறதில்ல. நிகழ்ச்சி ரத்து. திங்கட்கிழமை கடிதம் வரும்." சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

பொம்மையைக் கையில் மாட்டியவள் திரைக்கு முன்னால் வரக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் எழுதாத சட்டம். உளறுவாயனுக்குக் கீழே ஒரு ஆள் இருக்கிறாள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது. பொம்மைக்காரி திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வலது கையில் உளறுவாயன் அப்படியே இருந்தான். அவருக்கு முன்னால் போய் வாசலை மறித்து நின்றாள்.

"கடிதம் வரட்டும் சார். நாப்பத்தி மூணு பள்ளிக்கூடத்தையும் எடுத்துக்கோங்க. ஆனா ஓடுன்னு இந்தப் பிள்ளைங்க காதுல விழுந்தது உங்க குரல். அதச் சரி பண்ணிட்டுப் போங்க."

"வழிய விடும்மா."

"விடறேன். சொல்லிட்டுப் போங்க."

சுவரோரமாக நின்ற தலைமையாசிரியை அவசரமாக வந்தாள். தன்னைப் பிடித்து இழுக்கத்தான் வருகிறாள் என்று பொம்மைக்காரி காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள். அந்த அம்மாள் வந்து அவள் பக்கத்திலேயே வாசலை அடைத்து நின்றாள். "சொல்லிடுங்க சார். பெரியவங்க சொன்னா அதுங்க நம்பிடும்."

அவர் இரண்டு பேரையும் பார்த்தார். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஓடக்கூடாது" என்று தாளிடம் சொன்னார்.

"கேக்கல" என்றது பின்வரிசை.

"ஓடக்கூடாது. நிக்கணும்." அதோடு நின்றுவிட்டார். அத்தனை கூச்சலில் பாட்டு அவர் காதில் ஏறவில்லை, மேலே என்ன என்று உண்மையாகவே தெரியவில்லை. சிவப்புக் கோடு அடிப்பதற்கு முன்னால் அந்தப் பாட்டைப் படித்திருந்தால்தானே. இரட்டைச் சடை எழுந்து வந்தாள். அவருக்கு எதிரே தரையில் படுத்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, மெதுவாக, அவருக்குப் புரியவேண்டுமே என்கிற மாதிரி உருண்டு காட்டினாள்.

"படுக்கணும்" என்றார் அவர், அவளைப் பார்த்துக்கொண்டே. "முகத்த மூடிக்கிட்டு உருளணும்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பொம்மைக்காரி வழியை விட்டாள். அவர் யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனார். கூடவே நாற்பத்து மூன்று பள்ளிக்கூடமும் இறங்கிப் போவது அவளுக்குத் தெரிந்தது. வலிக்கவில்லை என்றால் பொய். திரும்பினால் ஐம்பது பிள்ளைகளும் அவளையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் போய் ஒளிவதில் இனி அர்த்தமில்லை.

"என்ன நிக்கற? பத்தாம் பக்கம்" என்று நாத்தனார் குரல் கொடுத்தாள். "கடிதம் திங்கட்கிழமைதானே வருது."

பொம்மைக்காரி பிள்ளைகளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மரத்துப்போன கையைத் தூக்கினாள். உளறுவாயன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"தெருவக் கடக்கும்போது ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கணும். சரிதானே?"

மற்றவர்கள் மூச்சு இழுப்பதற்குள் இரட்டைச் சடை எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இல்ல" என்றாள்.